சட்டையைக் கழற்ற வேண்டிய கோயில்

இரண்டு வருடம் அம்மா முன்னால் சட்டையைக் கழற்றாமல் சமாளித்தேன். நெஞ்சின் நடுவே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் தழும்பு. சென்னையில் பைபாஸ் நடந்தபோது, ஆபீஸ் வேலையாக டெல்லிக்குப் போயிருப்பதாக மனைவியைச் சொல்லச் சொன்னேன். அப்பா நாற்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனவர். எனக்கும் அப்போது அதே வயது. அம்மா தாங்கமாட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஊரில், கரமனை வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். போனால் இரண்டே நாளில் ஓடிவந்துவிடுவேன். போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் அது நடக்கவில்லை. மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள், எனக்கு ஒரு வாரம் லீவு. மூன்றாம் நாள் காலையில் கட்டிலில் உடுக்க ஒரு புது முண்டும் தோளில் போட மேல்முண்டும் மடித்து வைத்திருந்தன.

"மக்கா, இன்னைக்குக் கோட்டைக்குள்ள போவோம். நாம ரெண்டு பேரும் சேந்து பத்மநாபனக் கும்பிட்டு எத்தன வருசமாச்சு!"

கோட்டைக்குள் இருக்கும் அந்தப் பத்மநாபன் கோயிலில் ஆண்கள் சட்டை போடக் கூடாது. ஐயப்ப சீசன், கூட்டமாக இருக்கும் என்றேன். உனக்கு முட்டுவலி வேறு என்றேன்.

"அதுக்குத்தான உன்னக் கூப்பிடுதேன்" என்றாள்.

கிழக்கே கோட்டை ஸ்டாப்பில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரத்தைக் கடத்தப் பார்த்தேன். கோட்டை வாசலை அண்ணாந்து பார்த்தேன். பக்கத்திலிருந்த குதிரமாளிகை அரண்மனைக்கு டிக்கெட் எடுத்து, ஒவ்வொரு மரத்தூணாக நின்று ரசித்தேன். அப்படி ஒரு கலையார்வம் எனக்கு அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. நடை அடைத்துவிடுவார்கள் என்று அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் செருப்பை விடப் போன இடைவெளியில் சட்டையையும் போனையும் கவுண்டரில் கொடுத்துவிட்டு, மேல்முண்டால் நெஞ்சை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் முன்னால் போனதும் வாசலில் காவலர் என்னை நிறுத்தினார்.

"சேட்டா, மேல்முண்டு அரையில் கெட்டணம்."

அவிழ்த்து இடுப்பில் கட்டினேன். வேறென்ன செய்ய? எனக்கு முன்னால் அம்மா, பின்னால் ஐயப்ப பக்தர் கூட்டம், இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. திரும்பி ஓடவும் வழியில்லை. அவள் திரும்பிப் பார்க்காதவரைதான் எனக்கு ஆயுசு. ஒரு மணி நேரம் அவள் கொண்டையையே பார்த்தபடி, கூன் போட்டு நகர்ந்தேன். அவள் என்ன கேட்டாலும் "ம்" என்றேன். அவ்வளவு பேர் நடுவில், பெற்ற தாய்க்குப் பயந்து ஒளிந்து நின்றது எனக்கே கேவலமாக இருந்தது.

சன்னிதிக்கு முன்னால் ஒற்றைக்கல் மண்டபத்தின் படிகள் உயரம். அம்மா திரும்பினாள்.

"கையத் தா, மக்கா."

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. அவளுக்குப் பின்னால் மூன்று வாசல்களிலும் விளக்கு எரிந்தது. பள்ளிகொண்டவரின் முகம் ஒன்றில், நாபி ஒன்றில், பாதம் ஒன்றில். முட்டுவலியோடு இவ்வளவு தூரம் வந்தவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் நெஞ்சையே பார்த்தாள். "நடக்கூ, நடக்கூ" என்று யாரோ விரட்ட, கூட்டம் எங்களை மறுபக்கம் தள்ளி இறக்கிவிட்டது.

வெளியே வந்து குளத்துப் பக்கம் நின்று சட்டையைப் போட்டேன்.

"டெல்லின்னது இதுதானா?"

"ஆமாம்மா."

"ஒங்க அப்பாவும் நெஞ்சு வலிக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதால் சொல்ல வேண்டிய சமாதானங்களை இரண்டு வருடமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"டெல்லின்னு இருந்தப்ப, நான் தெனமும் போன்ல கேட்டதுக்குச் சாப்பிட்டேன்னு சொன்னியே. சாப்பிட்டியா அப்போ?"

"இல்லம்மா. ஒண்ணும் எறங்கல."

"பின்ன, இனி நீ சொன்னா நான் எப்பிடி நம்புவேன்?"

இப்போதும் தினமும் மாலையில் கூப்பிடுகிறாள். தண்ணீர் வராததைச் சொல்வாள், முட்டுவலியைச் சொல்வாள், மருமகளை விசாரிப்பாள். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்பதில்லை.