பூசணிக்காய்க் காசில் ஓடிய வண்டி

என் வீட்டுக்காரர் ஜெபதாஸ் பயந்த சுபாவம். கல்யாணமான புதிதில் லாரி ஓட்டப் போனார். எதிரே வருகிற வண்டிக்கெல்லாம் ஓரங்கட்டி வழிவிட்டு, மெட்ராஸுக்குக் கொண்டுபோன தக்காளியை அழுகவிட்டு, மூன்றே மாதத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்படிப்பட்ட மனுஷனைத்தான் எங்கள் புத்தூர் கிறிஸ்தவ சபை ஆம்புலன்ஸ் ஓட்டச் சொன்னது. எழுபத்து நாலாம் வருஷம் என்று நினைக்கிறேன்.

கை கால் ஒடிந்தால் ஊர் உலகமெல்லாம் எங்கள் ஊருக்குத்தான் கட்டுப்போட வரும். மற்ற எந்த நோவு என்றாலும் நாங்கள் திருப்பதிக்கு ஓட வேண்டும். வயசானவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவதற்குள் பாதி உயிர் போய்விடும். அதனால் சபை ஒரு பழைய வேனை வாங்கி வெள்ளை பெயிண்ட் அடித்தது. அறுபது தாண்டியவர்கள், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, பெட்ரோல் செலவில் கால்வாசி கொடுத்தால் போதும். மீதியை அறுப்பின் பண்டிகை ஏலப்பணம் பார்த்துக்கொள்ளும். சபையார் காணிக்கையாகக் கொண்டுவருகிற கோழியையும் தேங்காயையும் கோயில் வாசலில் ஏலம் விடுகிற பணம் அது. சபைச் செயலாளர் வேதநாயகம் ஐயா அந்த வருஷம் ஒரு பூசணிக்காயை வீம்புக்குக் கேட்டுக் கேட்டு, ஒரு ஆட்டு விலைக்கு எடுத்துவிட்டார். அன்று முதல் வண்டியே தன் பூசணிக்காயில்தான் ஓடுகிறது என்று அவருக்கு நினைப்பு.

வேனில் ஹாரன் செத்துக் கிடந்தது. சைரன் வாங்கக் காசில்லை. கோயிலுக்குப் புது மணி வந்தபோது இறக்கிவைத்த பழைய மணி ஒன்று சும்மா இருந்தது. அதை வண்டிக் கூரையில் மாட்டிக் கயிற்றை டிரைவர் கைக்கு எட்டுகிற மாதிரி விடலாம் என்று வேதநாயகம் ஐயாவுக்கு ஞானோதயம் வந்தது. அந்த மணி எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சாவுக்கு அடித்த மணி. சத்தம் கேட்டாலே வீட்டுக்கு வீடு வெளியே வந்து 'யாரு போனது?' என்று விசாரிப்பார்கள். இது கமிட்டியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இப்படித்தான்.

முதல் சவாரி நகரி பக்கத்து விவசாயி சின்னசாமி. வெறும் விஷக்காய்ச்சல். என் வீட்டுக்காரர் அவரை ஏற்றிக்கொண்டு, மணியடித்துக்கொண்டே எங்கள் ஊருக்குள் வர, பொம்பளைகள் தலைமயிரை அவிழ்த்துவிட்டு மாரடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். வண்டிக்குள் படுத்திருந்த சின்னசாமி எழுந்து பார்த்தார். தனக்குத்தான் ஒப்பாரி என்று தெரிந்ததும் பின்கதவைத் திறந்து குதித்து, காய்ச்சலோடு வரப்பு வழியே வீட்டுக்கு நடந்துவிட்டார். அதற்குப்பிறகு ஒரு கிழம்கூட வண்டியில் ஏறவில்லை. இவர் தினமும் வண்டியைத் துடைப்பார், கோயில் வேப்பமரத்தடியில் நிறுத்துவார், சாயங்காலம் வந்து தலைகுனிந்து சாப்பிடுவார். பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏறாதவர்களுக்கெல்லாம் தலைவி யார் என்றால், என்னைப் பெற்ற கிருபாபாய். அடுத்த தெருவில்தான் வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள். "அந்த வண்டியில நான் ஏர்றதா இருந்தா, நேரா கல்லறைக்கே வுடச் சொல்லுங்க," என்று பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். சொந்த மாப்பிள்ளை பிழைப்பு என்று கொஞ்சமாவது நினைத்தாளா?

புரட்டாசி மாசம் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். ரொம்ப நாளாக இருந்த குடலிறக்கம்தான். டாக்டர் நாகையா வந்து அமுக்கிப் பார்த்தார். முகம் மாறிப்போனது.

"குடல் முறுக்கிக்கினு இருக்குதும்மா. பொழுது சாயறதுக்குள்ள திருப்பதியில ஆபரேஷன் பண்ணியாகணும். பஸ்ஸுக்கெல்லாம் நிக்காதீங்க."

இவர் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பின்னாலேயே வேதநாயகம் ஐயா. அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, வாசற்படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்ளே, அந்த மணி அடிக்கும்னா நான் இங்கயே சாவறேன். அடிக்காம இட்டுக்கினு போறதா இருந்தா சொல்லுங்க."

"மணி இல்லாம எப்படிம்மா?" என்றார் வேதநாயகம் ஐயா. "கமிட்டி தீர்மானம் ஆயிருக்குது."

என் வீட்டுக்காரர் பானெட்டில் கால் வைத்துக் கூரைமேல் ஏறினார். மணியைக் கழற்றினார். இறங்கிவந்து அதை அப்படியே வேதநாயகம் ஐயாவின் இரண்டு கையிலும் வைத்தார்.

"தீர்மானத்த நீங்க வச்சிக்கினு இருங்க ஐயா. எனக்கு நேரமில்ல."

அந்த நிமிஷம் அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தெருவே நின்று பார்த்ததால் சும்மா இருந்தேன்.

அம்மாவைப் படுக்கவைத்து நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். தைரியமெல்லாம் பஜார் வரைக்கும்தான். சனிக்கிழமை, மாட்டு வண்டி, தள்ளுவண்டி, ஆள்கூட்டம். ஹாரனும் இல்லை, மணியும் இல்லை. இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, கொஞ்சம்... அண்ணே..." என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு எருமைகூட அசையவில்லை.

அம்மா கண்ணைத் திறந்தாள். "ஏண்டி யூனிஸ், வண்டி ஏன் நிக்குது?"

"யாரும் வழி வுட மாட்டேன்றாங்கம்மா."

அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள். ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தாள். பாட்டா அது? கடைசி பெஞ்சில் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப்போடுகிற குரல். பஜாரே திரும்பிப் பார்த்தது. அவளிடம் அடிவாங்கிப் படித்தவர்கள் பாதிக் கடையில் இருந்தார்கள். "டேய், கிருபாபாய் டீச்சர்டா!" என்று தராசைப் போட்டுவிட்டு ஓடிவந்து மாட்டைப் பிடித்து இழுத்தார்கள். சாவு என்று ஒருத்தர்கூட நினைக்கவில்லை. செத்தவர்கள் இப்படிக் கத்த மாட்டார்கள் அல்லவா?

வடமாலப்பேட்டை தாண்டினால் ரோடு முழுக்க மஞ்சள் துணி. மெட்ராஸ் பக்கத்திலிருந்து திருமலைக்கு நடந்து போகிறவர்கள். அம்மா ஒரு வரி பாடுவாள், வலியில் நிறுத்துவாள். அந்த இடைவெளியில் அவர்கள் "கோவிந்தா!" என்பார்கள். இயேசுவைப் பற்றி அடுத்த வரி. மறுபடியும் "கோவிந்தா!" பாடுகிறவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, கேட்கிறவர்களுக்கும் தெரியவில்லை. ஒரு வழுக்கைத்தலைக்காரர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ரோட்டு நடுவில் ஓடி, "ஜருகண்டி! ஜருகண்டி! பெரியம்மாவுக்கு வழி வுடுங்க!" என்று இரண்டு கையாலும் கூட்டத்தைப் பிளந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

திருச்சானூர் நெருங்கும்போது பாட்டு நின்றுவிட்டது.

அம்மாவின் கண் மூடியிருந்தது. நெற்றியில் வேர்வை ஜில்லென்று இருந்தது. "அம்மா" என்றேன். கன்னத்தைத் தட்டினேன்; கண் திறக்கவில்லை. வண்டி ரோட்டு நடுவில் நின்றது. இவர் ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். பதினைந்து வருஷமாக மாமியாரை நிமிர்ந்து பார்க்காத மனுஷன் அவள் காலைப் பிடித்து உலுக்கினார்.

"அத்த! பாடுங்க அத்த! நிறுத்தாதீங்க! எவ்ளோ சத்தமா வேணா பாடுங்க!"

அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "மூணாவது சரணம் மறந்துபோச்சு மாப்ளே. யோசிக்க வுட மாட்டீங்களா?"

அப்புறம் ஓட்டினார் பாருங்கள், அப்படி ஓட்டி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எதிரே வந்த பஸ் ஓரங்கட்டியது. பொழுது இருக்கும்போதே ஆபரேஷனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

இவர் ஆஸ்பத்திரிக்குள் வரவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. அந்த மூன்றாவது சரணம்! நிறுத்தினால் உள்ளே அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல், முடித்ததும் மறுபடி முதலிலிருந்து பாடிக்கொண்டிருந்தார். நர்ஸ் போய்த் திட்டினாள். ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பாடினார். வாட்ச்மேன் வந்து கேட்டைக் காட்டினான். கேட்டுக்கு வெளியே போய் நின்று பாடினார். நல்லபடியாக முடிந்தது, பயமில்லை என்று டாக்டர் சொன்னதை நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "அவங்களே வாயத் திறந்து பேசட்டும்," என்று சொல்லிவிட்டு விட்ட இடத்தில் எடுத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மாவுக்கு மயக்கம் தெளிந்தது. உதட்டை நனைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"யாருடி அது வெளியில, கீர்த்தனைய கொல பண்றது? ரெண்டு போட்டு உள்ள இழுத்துக்கினு வா."

நான் ஜன்னலில் நின்று அதை அப்படியே கத்திச் சொன்னேன். அவர் பாட்டை நிறுத்தினார். கேட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார்.