பிள்ளையாரிடம் நான் கேட்ட கையெழுத்து

அன்பான அடியார்களே, என்னுடைய பொய் ஒன்றுக்குப் பிள்ளையாரைக் கூட்டுச் சேர்க்கப் பார்த்தவள் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வெள்ளவத்தைப் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் என்னோடு நின்று கும்பிடுகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உயர்தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதியும் எனக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. கொழும்பில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் ஆய்வுகூடப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கல்யாண வீடுகளில் யாராவது "என்ன படிக்கிறீர்?" என்று கேட்டால் பந்தியில் இடம் பிடிக்கப் போவது போல நழுவிவிடுவேன்.

இரண்டாம் வருடத்தில் ஒரு வழி திறந்தது. எங்களைப் போன்றவர்கள் கல்வியியற் கல்லூரிக்கு மாறி, இரசாயனவியல் ஆசிரியராகப் பயிற்சி பெறலாம் என்றார்கள். வயதெல்லையின்படி எனக்கு அதுதான் கடைசி வருடம். விண்ணப்பத்தோடு, விரிவுரையாளர் கையெழுத்திட்ட செய்முறைப் பதிவேடும் போகவேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணி கடைசி.

சிக்கல் அந்தப் பதிவேட்டில்தான் இருந்தது. ஒவ்வொரு பரிசோதனையையும் மூன்று தரம் செய்து மூன்று வாசிப்புகளை எழுதவேண்டும். நாங்கள் ஒரு தரம்தான் செய்வோம். மற்ற இரண்டையும் அதற்குக் கிட்ட வருகிற மாதிரி, கன்டீனில் பிளேன்டீ குடித்துக்கொண்டே எழுதிக்கொள்வோம். எல்லோரும் செய்ததுதான். அதனாலேயே அது பிழையாகத் தெரியவில்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை கோயிலுக்குப் போனேன். "பதிவேட்டைப் பார்க்காமலே சிவநேசன் சேர் கையெழுத்து வைக்கட்டும். நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன்" என்று நேர்த்தி வைத்தேன். என்னோடு வந்திருந்த என் அம்மா, "என்ன நேர்த்தி பிள்ளை?" என்று கேட்டார். "சோதினைக்கு அம்மா" என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்றச் சந்நிதியிலேயே இன்னொரு பொய்.

எங்கள் விரிவுரையாளர் சிவநேசன் சேர் பார்த்தார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதில எந்த வாசிப்பு உண்மையா எடுத்தது?"

எல்லாம் எடுத்ததுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காலையில் கும்பிட்ட கை இன்னும் விபூதி மணத்தது. என்னால் முடியவில்லை.

"முதலாவது மட்டும்தான், சேர். ஏழு பரிசோதனையிலயும்."

"பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு இதையே சொல்லிக் குடுக்கப் போறீர்? ஏழையும் திரும்பச் செய்துகொண்டு வாரும். இல்லாட்டி நான் சைன் வைக்கமாட்டன்."

ஆய்வுகூட நேரசூசியைப் போய்ப் பார்த்தேன். வெள்ளி வரை ஒரு மணித்தியாலம்கூட வெறுமையாக இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பின்னேரம் நேரே கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாரோடு சண்டை பிடித்தேன். "நான் கேட்டதென்ன, நீ செய்ததென்ன?" என்று அழுதேன். அழுது முடிந்தபோது எனக்கே விளங்கியது. கடவுளிடம் போய், ஒரு மனிதரின் கண்ணை மறைத்துவிடு என்றல்லவா கேட்டிருக்கிறேன்! அந்த நேர்த்தியை அங்கேயே திரும்ப எடுத்துக்கொண்டேன். "பிழையைத் திருத்த ஒரு வழி காட்டு" என்று மட்டும் கேட்டேன். இந்த முறை பேரம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை நேரசூசிப் பலகைக்கு முன்னால் மறுபடியும் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவுகிற நந்தா அக்கா வந்தார். சிங்களவர். இரண்டு வருடமாகத் தினமும் கண்டும், ஒரு சிரிப்போடு கடந்து போயிருக்கிறேனே தவிர நின்று கதைத்ததில்லை. என் அரைகுறைச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொய்யைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "டீச்சராகவா போகிறாய்?" என்று மட்டும் கேட்டார். அவருடைய மகளின் பாடசாலையில் இரண்டு வருடமாக இரசாயனவியல் படிப்பிக்க ஆள் இல்லையாம். பிள்ளை தனியாகப் புத்தகத்தைப் பார்த்துப் பாடமாக்குகிறதாம்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாண வீட்டில் நிமிர்ந்து பதில் சொல்லத்தான் நான் ஆசிரியராக ஆசைப்பட்டேன். எனக்காக ஒரு பிள்ளை எங்கேயோ காத்திருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"நங்கி, ஹெட்ட உதேம என்ன" என்றார் நந்தா அக்கா. தங்கச்சி, நாளைக்கு விடியவே வா என்று அர்த்தம். சேரிடம் தானே போய் அனுமதி வாங்கினார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஆறு மணிக்கே ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்துவிட்டு, வகுப்புத் தொடங்கும்வரை என்னோடு இருந்தார். அந்த ஆறு மணிக் கதவைப் பிள்ளையார் திறந்த கதவென்றே நான் நம்புகிறேன்.

ஆறு பரிசோதனைகள்தான் முடிந்தன. ஏழாவதைத் தொடங்கும்போது முதலாம் வருடப் பிள்ளைகள் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். என் சிநேகிதி ஷாமிலா, "ஒண்டுதானேடி, எழுதிவிடு. சேருக்கு எங்க தெரியப்போகுது?" என்றாள். பேனையைத் திறந்தேன். ஏழாவது பக்கத்தில் "திரும்பச் செய்யவில்லை" என்று எழுதினேன்.  ஒரு பக்கம் குறைந்ததற்காகவே விண்ணப்பம் திரும்பி வரலாம்.

சேர் மூன்றரை மணிக்குப் பதிவேட்டைத் திறந்தார். ஓரிடத்தில் மூன்றாவது வாசிப்பு மற்ற இரண்டோடும் ஒட்டாமல் தள்ளி நின்றது. அதில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"அப்பிடித்தான் வந்தது, சேர்."

ஏழாவது பக்கத்தையும் பார்த்தார். ஆறு பரிசோதனைகள் தன் அனுமதியோடு திரும்பச் செய்யப்பட்டன என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். "இப்பதான் இது உம்மட பதிவேடு" என்றார். நான்கு மணிக்கு முன் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். நேர்முகப் பரீட்சையிலும் அந்த ஏழாவது பக்கத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். இடம் கிடைத்தது.

இப்போது பயிற்சி முடியப்போகிறது. நேர்த்தி வைக்க வருகிறவர்களே, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் எதையும் மறைத்து வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். நான் கேட்டதை அவர் தரவில்லை. நான் ஆசிரியராக நிற்பதற்குத் தேவையானதைத் தந்தார். உங்களுக்கும் தருவார், நம்புங்கள்.

எங்கே படிப்பிக்க விருப்பம் என்று கேட்டுப் போன மாதம் ஒரு படிவம் தந்தார்கள். "கொழும்பெண்டு போடு பிள்ளை, வீட்டிலயிருந்து போய் வரலாம்" என்றார் அம்மா. இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாத எந்தத் தமிழ்ப் பாடசாலையும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு என் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எனக்குக் கேட்கும்படியாகவே பிள்ளையாரிடம் சொன்னார்:

"எங்க போட்டாலும் பரவாயில்லை. நீயும் இவளோட கூடப் போ."