கூடைக் கயிறு

போன வாரம் என் மகள் கனடாவிலிருந்து பேசினாள். "வேலை போயிட்டும்மா" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அடுப்பில் பாலை வைத்ததை மறந்து பொங்கவிட்டேன். அன்றிலிருந்து ஒரு கயிறுதான் நினைவில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அம்மா இலங்கையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். நான் பிறக்கும் முன்பே இங்கே வந்து, தென்காசிப் பக்கம் ஒரு பஞ்சாலையில் சேர்ந்தாள். எனக்கு ஒன்பது வயதில் ஆலையை மூடிவிட்டார்கள். இலஞ்சியில் வாடகை வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நல்லவேளையாகக் குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. மலைத் தோப்பிலிருந்து மங்குஸ்தான் பழங்களை அருவிக்கரைக் கடைக்குச் சுமந்து இறக்கும் வேலையை ஒரு பழக்கடை அக்கா கொடுத்தாள்.

ஊரில் எல்லோரும் சும்மாடு வைத்துத் தலையில் சுமப்பார்கள். அம்மாவுக்கு அது வராது. கூடையை முதுகில் தொங்கவிட்டு, அதன் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் வீசி நடப்பாள். கொழுந்து பறித்த நாளின் பழக்கம்.

பள்ளி விட்டு அருவிக்குக் குளிக்க வந்த என் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள். அம்மாவைத் தேடி வந்திருந்த என்னிடம் ஒருத்தி கேட்டாள்:

"ஏட்டி, ஒங்க ஊர்ல மாட்டுக்குக் கட்டுதத மனுசருக்குமா கட்டுவாக?"

அம்மாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை. அன்று மாலையே கயிற்றை அவிழ்த்து என் தகரப்பெட்டியில் பாவாடைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். கயிறு இல்லாவிட்டால் அம்மா ஊர்க்காரி ஆகிவிடுவாள் என்பது என் எண்ணம்.

"பாப்பா, கயிறப் பாத்தியா?"

"பாக்கலியே."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, விடு" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை, நானும் கூடப் போனேன். பழைய சேலையைச் சும்மாடாகச் சுருட்டிக் கூடையைத் தலையில் ஏற்றினாள். சாரலில் பாசி பிடித்த மலைப்படிகள். பாதி வழியில் கால் வழுக்கியது. பழங்களெல்லாம் பள்ளத்தில் உருண்டன. முட்டியில் ரத்தம் வழிய, மிஞ்சியதைப் பொறுக்கிக்கொண்டு கடை முன் போய் நின்றாள்.

"ஏளா, நாளைக்கும் கொட்டுனேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவேன். தலையில தூக்கு, முதுகுல தூக்கு, எனக்குப் பழம் வந்து சேரணும்" என்றாள் அக்கா.

விடிந்ததும் கயிற்றை எடுத்து நீட்டினேன். "கோழிக்கூட்டுக்குப் பின்னால கெடந்துச்சும்மா."

"அப்படியா? என் கண்ணுக்குத் தெரியவே இல்ல பாரு."

அன்று ஒரு பழம்கூட விழவில்லை. காலியாக இருந்த கையால் வழுக்குப் படிகளில் என்னைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். அடுத்த சீசனில் அக்கா தன் கடை ஓரத்தில் அவளுக்கும் ஓர் இடம் விட்டுக்கொடுத்தாள். அந்த மகராசி கொடுத்த இடத்தில் வந்த வருமானத்தில்தான் நான் படித்தேன், என் மகளும் படித்தாள்.

நேற்று இதை மகளிடம் சொன்னேன். வேலை தேடிக்கொண்டிருப்பவளுக்குத் தெம்பாக இருக்குமே என்றுதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, வீட்டுல வேற கயிறே இல்லையா?" என்றாள்.

இலஞ்சி வீட்டு முற்றத்தில், சுவரிலிருந்து முருங்கை வரை கொடிக்கயிறு கட்டியிருந்தது. தினமும் சாயங்காலம் என் சீருடையை அம்மா அதில்தான் காயப்போடுவாள். அவள் சும்மாடு சுருட்டிய அந்தச் சனிக்கிழமையும் அது அங்கேதான் இருந்தது.