கூரைப் பாலத்தில் மாட்டின மணவறை

நாங்கள் குடியேறின டூங்கபியில என்ர மனிசன் மகாதேவனைத் தெரியாத தமிழ்ச் சனம் குறைவு. பிள்ளையைக் கட்டிக் குடுக்கிற ஆக்கள் மணவறை சோடிக்க இவரிட்டத்தான் வருவினம். நல்ல மனிசன், கைவேலை சுத்தம். ஆனா செய்த பிழையை ஒத்துக்கொள்ள வாய் வராது. சோறு குழைஞ்சாலும் அரிசியிலதான் குற்றம், இவர் விட்ட தண்ணியில இல்லை.

போன ஆவணியில தூரத்து நாட்டுப்புறத்தில ஒரு கலியாணம். போற வழியில ஒரு பழைய மரப்பாலம், வீட்டைப்போலக் கூரை போட்டது. அந்த ஊர்ச் சனம் தாங்களே பழுதுபாத்துப் பொத்திப் பொத்தி வைச்சிருக்கிற பாலம்.

மணவறைக் கோபுரத்தை வழமையாக் கழட்டித்தான் ட்ரக்கில ஏத்துவம். அண்டைக்கு முகூர்த்தம் வெள்ளன. அங்க போய்ப் பூட்ட நேரமில்லையெண்டு இவர் வீட்டிலேயே பூட்டி, உச்சியில கலசமும் வைச்சு, நிமித்திக் கட்டிக்கொண்டு வந்தவர். பாலத்தடியில உயர அளவு எழுதின பலகையைக் கண்டு நான் இறங்கினன்.

"இஞ்சேருங்கோ, கலசம் இடிக்கும். சுத்திப் போவம்."

"முகூர்த்தம் தப்பினா நீயோ பதில் சொல்லுவாய்?" எண்டுபோட்டு ட்ரக்கைப் பாலத்துக்குள்ள விட்டார். நிப்பாட்டச் சொல்லிக் கையை வீசிக் கத்தினன். ஆர் கேட்டது?

கலசம் உத்தரத்தைப் பிளந்துகொண்டு மாட்டிச்சு. பழைய பலகையள் பொலபொலவெண்டு விழுந்துது.

பாலத்தைப் பராமரிக்கிற சங்கத்துத் தலைவி ஜூடித் அங்கால் கரையில இருந்து ஓடிவந்தா. ஆருக்கும் அடிபட்டதோ எண்டுதான் கேட்டா. இவர் கேளாத கேள்விக்கு என்னைக் காட்டி, "மனிசிதான் இறங்கிப் பாத்து, வரலாமெண்டு கை காட்டினவ" எண்டார்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளுக்குப் போகலாம் போல வெக்கம். ஆனா பிறத்தியாருக்கு முன்னால அவரைப் பொய்யராக்க மனம் வரேல்லை. மன்னிப்புக் கேட்டுத் தலையைக் குனிஞ்சன். ஜூடித் என்னைக் கட்டிப்பிடிச்சா.

பிறகு உயரம் குறைய ரயர்க் காத்தை இறக்கி ட்ரக்கைப் பின்னால எடுப்பிச்சா. ஊர் ஆக்கள் தங்கட வாகனங்களில மணவறையை ஏத்தி, முகூர்த்தத்துக்கு முதல் கொண்டுபோய் இறக்கிச்சினம். ஒருத்தரும் முகம் சுழிக்கேல்லை. எங்களை ஏசியிருந்தா என்ர மனம் ஆறியிருக்கும்.

தாலி கட்டி முடிய, சுத்துப் பாதையால வெளிக்கிட்டம். வழியில ஒரு பெற்றோல் செட்டில நிப்பாட்டி, எனக்கும் கேக்கத்தக்கதா ஸ்பீக்கரில போட்டு ஜூடித்துக்கு ஃபோன் எடுத்தார்.

"பிழை என்னில. மனிசி வேண்டாமெண்டுதான் சொன்னவ. நான் பொய் சொல்லிப்போட்டன்."

"தெரியும், மகாதேவன். அவ மறிச்சதைப் பாத்தனான். அதுதான் அவவைக் கட்டிப்பிடிச்சனான்."

"மணவறை தூக்கின ஆக்களுக்கும் தெரியுமோ?"

"ஓம். எல்லாரும் அங்கால் கரையில என்னோடதான் நிண்டு பாத்தவை."

ஃபோனை வைச்சவர், வீடு வந்து சேருமட்டும் என்ர முகத்தைப் பாக்கேல்லை.