கூரை வீட்டில் பால் காய்ச்சினோம்

கூரை வீட்டில் காலம் தள்ளக் கூடாது என்றுதான் நம் ஆட்கள் விழுந்து விழுந்து படித்து அமெரிக்கா வருகிறார்கள். என் கணவர் இங்கே வந்து, பிரிட்ஜ்வாட்டர் பக்கத்தில், லோன் போட்டு ஒரு கூரை வீட்டை வாங்கினார்.

இங்கிலாந்துக் கிராமத்துப் பழைய காட்டேஜ் ஒன்றைப் பார்த்து, யாரோ ஒரு பணக்காரர் அந்தக் காலத்தில் அச்சு அசலாகக் கட்டியது. அங்கே கூரையில் நிஜமான வைக்கோல். இங்கே மரச்சில்லுகளை ஓரத்தில் வளைத்து, வைக்கோல் மாதிரி அடித்திருந்தார்கள். சுவர் ஒரு முழத் தடிமன். ஜன்னலோ ஒரு தலை நுழையும் அளவு. ஹாலில் பாதியை விழுங்கிக்கொண்டு விறகு எரிக்கும் கணப்பு. அதற்குள்ளேயே குளிர்காய்ந்தபடி உட்கார இரண்டு பக்கமும் கல் இருக்கை வேறு.

"இந்த வீட்டுக்கு ஒரு கேரக்டர் இருக்கு பாரு" என்றார்.

"கேரக்டர் இருக்கட்டும், துணி வைக்க க்ளாசெட் எங்க?"

எனக்குப் புது வீடுதான் வேண்டும். பிடிவாதமாக ஒரு நிபந்தனை போட்டேன். "பால் காய்ச்சுவோம். கிழக்கேயோ வடக்கேயோ பொங்கினா குடி வரேன். தெற்கே பொங்கினா வித்துடணும், சொல்லிட்டேன்." திசையில் எல்லாம் நம்பிக்கை இல்லாத மனிதர், சரி என்று தலையாட்டினார்.

கிரகப்பிரவேசத்தன்று வெண்கலப் பானையை அடுப்பில் வைத்தோம். அது இண்டக்‌ஷன் அடுப்பு. வெண்கலத்தைச் சீந்தவே இல்லை. எவர்சில்வர் எல்லாம் பழைய அபார்ட்மென்ட்டில். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் செல்போனைக் காட்டினார். என் கணவர் பானையைத் தூக்கிக்கொண்டு கணப்புக்கு ஓடினார்.

புகைபோக்கிக்கு ஒரு மூடி இருப்பதும் அதைத் திறக்க வேண்டும் என்பதும், புகை அலாரம் அலறிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஐயர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கே போய், அலாரத்துக்கு மேல் சத்தமாக மந்திரம் சொன்னார். இவர் பட்டு வேட்டியோடு மண்டியிட்டு, கண்ணில் நீர் வழிய ஊதினார். என்னிடம் எதற்கும் கெஞ்சியறியாதவர், அன்று விறகிடம் கெஞ்சினார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. வடக்குப் பக்கக் கல்லில் அவர், தெற்குப் பக்கக் கல்லில் நான். வீட்டுத் தரகர் கொடுத்த பளபளப்பான புத்தகத்தால் விசிறத் தொடங்கினேன்.

பால் பொங்கியது. என் கால்மாட்டில், என் புடவை ஓரத்தை நனைத்துக்கொண்டு வழிந்தது.

"எந்தப் பக்கம்மா பொங்கிச்சு?" புகைக்கு அந்தப் பக்கமிருந்து ஐயர் கேட்டார்.

இவர் பார்த்துவிட்டார். கரி அப்பிய முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடக்குதான் சாமி" என்றேன். "அவர் பக்கம்."