விரல் என்றால் விட வேண்டும்

செவிலிமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் இப்போதெல்லாம் முதலில் மூக்கில் ஏறுவது ரப்பர் வாசனை. ஒரு மாடியில் புதிதாகப் பயிற்சிக்கூடம் திறந்து, தரை முழுக்க ரப்பர் விரித்திருக்கிறார்கள். வாசலில் ஃப்ளெக்ஸ். எந்தக் கலை சிறந்தது என்று கேட்டு, குஸ்தி, ஜூடோ, ஜியு-ஜிட்ஸு மூன்றுக்கும் கட்டம் போட்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். குஸ்திக்கு இரண்டு. ஆறிப்போன இட்லிக்கே நாலு நட்சத்திரம் போடுகிற காலத்தில் இரண்டு.

போட்டவர் யாரையாவது ஒரு தடவையாவது இடுப்பைப் பிடித்துத் தூக்கியிருப்பாரா என்பது சந்தேகம். நானும் தூக்கியதில்லை. தூக்கப்பட்டிருக்கிறேன். பத்தொன்பது வயதிலிருந்து நாலு வருஷம் விதவிதமாகக் கீழே விழுந்தவன் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன்.

ஜியு-ஜிட்ஸு என்பது மல்லாந்து படுத்துக்கொண்டு எதிராளியை மேலே வா என்று அழைப்பது. ஒல்லிப்பிச்சான் ஒரு தடியனின் கழுத்தை நெரித்துவிடலாம், அது உண்மை. ஆனால் எதிராளி ஒருவனாக இருக்க வேண்டும், தரையும் சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் மல்லாந்து படுத்தால் முதலில் மாடு வந்து மோந்து பார்க்கும். ஜூடோவுக்கோ எதிராளி கெட்டித் துணியில் கோட்டுப் போட்டுக்கொண்டு வர வேண்டும். கோட்டின் கழுத்துப் பட்டையும் கைத்துணியும் பிடிக்கக் கிடைத்தால் அழகாகத்தான் தூக்கிப் போடுகிறார்கள். சித்திரை வெயிலில் வெற்றுடம்போடு லுங்கி கட்டி நிற்பவனிடம் எதைப் பிடிப்பது? குஸ்தி மட்டும் பெரிய யோக்கியமா? இடுப்பிலும் கழுத்திலும் பலம் ஏற்றும், சரி. முதுகு மண்ணில் படக்கூடாது என்கிற ஒரே கவலையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பத்திரமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும். பின்னால் ஏறிக் கழுத்தைச் சுற்றினால் தீர்ந்தது.

ரப்பரை மோந்தால் எனக்கு மண் ஞாபகம் வருகிறது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால் நாங்கள் குஸ்தி பழகும் கோதா இருந்தது. செம்மண்ணில் நல்லெண்ணெயும் மஞ்சளும் மோரும் விட்டுக் கொத்திப் போட்டிருப்போம். அந்தப் புளிப்பு வாசனை குளித்தாலும் போகாது. தறி வீட்டில் பக்கத்தில் உட்காருபவர் மூக்கைச் சுளித்து, "இன்னாபா, ஊறுகா ஜாடியில வுழுந்து எழுந்து வர்றியா?" என்பார்.

கோதாவில் பெரிய ஆள் கஜேந்திரன். எனக்குக் கஜாண்ணா. பத்து வயது மூத்தவர், தறிக்காரர். அங்கே வந்த எல்லோருமே தறிக்காரர்கள்தான். அதனால் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் எங்களிடம் இருந்தது. பிடியில் விரல் சிக்கினால் 'விரல்' என்று சொல்ல வேண்டும். சொன்னதும் இரண்டு பேரும் கையை விட்டுவிட வேண்டும், சொன்னவன் உள்பட. ஒரு விரல் வீங்கினால் அறுந்த இழைக்கு முடிச்சுப் போட முடியாது, தறி நின்றுவிடும். வெளியூர்ப் பயில்வான்கள் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரிப்பார்கள். "குஸ்தி போட வந்தீங்களா, பூ கட்ட வந்தீங்களா?"

அந்தச் சமயத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு ஜூடோ மாஸ்டர் வந்து சேர்ந்தார். வகுப்பு நடத்த இடம் வேண்டும் என்று மில்காரரைப் பிடித்தார். கோதா இருந்த இடம் மில்காரருடையது. அவர் அரசியலில் காலை வைத்திருந்த நேரம், எதையாவது திறந்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் போய் நின்றதும் பல்லைக் குத்திக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "இன்னாத்துக்கு தகராறு? ரெண்டு பேரும் மோதிக்குங்க. முதுகு மண்ணுல பட்டவன் காலி பண்ணிக்கினு போவட்டும்."

கோட்டில்லாமல் பிடிக்க மாட்டேன் என்றார் மாஸ்டர். கஜாண்ணா சிரித்தார். "குடுக்கச் சொல்லு, போட்டுக்கறேன். கல்யாணத்துக்கே கோட்டு போடாதவன் நானு." பிறகு என்னைத் தனியாக அழைத்தார். "டேய், நீ போயி விரல் சமாச்சாரத்த மட்டும் சொல்லிட்டு கோட்ட வாங்கினு வந்துடு. படிச்சவரு, புரிஞ்சிக்குவாரு."

போனேன். மில் ஆபீசில் மாஸ்டர் பிஸ்கட் தின்றுகொண்டு மில்காரரோடு பேசிக்கொண்டிருந்தார், பாதி இங்கிலீஷில். நான் கதவோரம் நின்றேன். "யெஸ்?" என்றார். இவரும் சிரிப்பார் என்று தோன்றியது. "கோட்டு வாங்கியாரச் சொன்னாரு" என்றேன். கொடுத்தார். 'விரல்', மூன்றே எழுத்து, அதைச் சொல்லாமலே கோட்டோடு வெளியே வந்தேன். திரும்பியதும் கஜாண்ணா கேட்டார், "சொல்லிட்டியா?" தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கஜாண்ணா எடுத்த எடுப்பில் மாஸ்டரை இடுப்போடு தூக்கிப் பக்கவாட்டில் போட்டார். முதுகு படவில்லை. விசில் பறந்தது. மறுபடி பிடித்தபோது கஜாண்ணாவின் கை மாஸ்டரின் கைத்துணியில் இருந்தது. மாஸ்டர் துணியை முறுக்கி உருவினார். சுண்டுவிரல் உள்ளே மாட்டிக்கொண்டது.

"விரல்" என்றார் கஜாண்ணா, மணி கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல. சொல்லிவிட்டு விரலை உருவிக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு நின்றார்.

மாஸ்டர் கண்ட காட்சி, கையைக் கீழே போட்டு நிற்கும் எதிராளி. தூக்கிப் போட்டார்; யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கஜாண்ணாவின் முதுகு முழுசாக மண்ணில் இருந்தது. மாஸ்டர் குனிந்து வணக்கம்கூடச் சொன்னார்.

குழாயடியில் முதுகு மண்ணை நான்தான் கழுவிவிட்டேன். "தெரிஞ்சே பண்ணாண்டா. சொல்லியும் பண்ணிட்டான்" என்றார்.

"ஆமாண்ணா. மானங்கெட்டவன்" என்றேன்.

செம்மண்ணை வண்டியில் அள்ளிக்கொண்டுபோய் எங்கோ பள்ளத்தில் கொட்டினார்கள். ஜூடோ வகுப்பு ஒரு வருஷம்கூட ஓடவில்லை. மாஸ்டர் போனார், மில்காரர் தேர்தலில் தோற்றார், இடம் நெல் மூட்டை கிடங்காகி இப்போது ஒரு புடவைக்கடையின் வண்டி நிறுத்தம். கஜாண்ணா அதன்பிறகு யாரோடும் பிடி போட்டதில்லை. டீக்கடையில் ஜூடோ என்று எவனாவது பேச்செடுத்தால் மட்டும் கிளாஸைக் கீழே வைப்பார். "கோட்டுக்காரனுக்கு வார்த்த கெடையாது. இவன கேளு, இவன்தான் போயி சொன்னான்." எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். இருபது வருஷத்துக்குமேல் ஆட்டியிருக்கிறேன். ஜூடோவைப் பற்றி நான் பேசுகிற ஏளனத்தில் பாதி அப்படி ஆட்டி ஆட்டி வந்ததுதான்.

போன ஆடியில் கஜாண்ணா போய்விட்டார். தூக்கியவர்களில் நானும் ஒருவன். டீக்கடையில் பயில்வான் பேச்சு வந்தால் இப்போது எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள், என் பக்கம் யாரும் திரும்புவதில்லை. திரும்பிக் கேட்டால் மட்டும் சொல்லிவிடுவேனா என்றால், அதுவும் சந்தேகம்தான்.