பந்து இல்லாதவனைத் தொடாத கை

வெர்னான் ஸ்டுக்கிக்கு ஐம்பத்தாறு வயது. அதில் இருபத்திரண்டு வருடங்களை அமெரிக்கக் கால்பந்துக்கு ஆள் பார்த்தே கழித்திருந்தார். உட்டா முதல் நெப்ராஸ்கா வரை அவருடைய எல்லை. மைதானம் மைதானமாகக் காரோட்டிப் போய், யாருடைய முழங்கால் தாங்கும், யாருடைய மனசு தாங்காது என்று அணிக்கு எழுதி அனுப்புவார். அதற்கு முன்பு பள்ளியில் மல்யுத்தம் பழக்கியவர் என்பதால் ஒருவனுடைய முகத்தைவிடப் பாதத்தைத்தான் முதலில் பார்ப்பார். கழுத்தில் எப்போதும் ஒரு பழைய ஸ்டாப்வாட்ச் தொங்கும்.

அவருடைய அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஏப்ரலில் எல்லா அணிகளும் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், ஆள் பார்ப்பவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிவப்பு அட்டை இருக்கும். யார் பெயரின் மேல் அதை வைக்கிறாரோ அந்த வீரனுக்கு அவரே பொறுப்பு. வெர்னானின் கடைசி இரண்டு அட்டைகளும் வீணாகிவிட்டன. ஒருவனுக்கு முழங்கால் போனது. இன்னொருவன் வீட்டு நினைப்புத் தாங்காமல் மூன்றே வாரத்தில் ஊர் திரும்பினான். மூன்றாவதும் பொய்த்தால் அவருடைய எல்லை வேறொருவருக்குப் போய்விடும். தலைமைத் தேர்வாளர் கிராண்ட் பெலரின் அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

அந்த வருடம் வெர்னான் கண் வைத்தது சடேக்கியின் மேல். சால்ட் லேக் சிட்டியில் ரக்பி ஆடிக்கொண்டிருந்த, பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்த இளைஞன். வயது இருபத்துமூன்று, எடை நூற்றைம்பது கிலோ, பூனையைப் போன்ற பாதம். அமெரிக்கக் கால்பந்து மட்டும் அவன் ஆடியதே இல்லை. முன்வரிசையில் நின்று, பாய்ந்து வருபவனை முட்டி மறிக்கும் வேலைக்கு அவன் பொருந்துவான் என்று வெர்னான் நினைத்தார். மார்ச்சில் நடந்த சோதனைப் பயிற்சியின் காணொளியைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

பெலரின் திரையை நிறுத்தினார். "பாரு வெர்ன். எதிராளி மூக்குக்கு முன்னாடி வந்துட்டான். உன் ஆள் என்ன பண்றான்? சர்ச் வாசல்ல கை குலுக்க நிக்கிறவன் மாதிரி நிக்கிறான்."

"ஒரு கணம் தயங்குறான்."

"தயக்கம்னு நீ சொல்றே. பயம்னு நான் சொல்றேன். பயத்துக்கு மருந்து கிடையாது."

வெர்னான் காணொளியை வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் பார்த்தார். பயந்தவனின் பாதம் பின்னால் போகும். மல்யுத்த விரிப்பில் அதை அவர் நூறு பையன்களிடம் கண்டிருக்கிறார். சடேக்கியின் பாதமோ ஒவ்வொரு முறையும் முன்னால்தான் போனது. கை மட்டும் பாதி வழியில் நின்றது. கால் ஒன்று சொல்ல, கை வேறொன்று சொல்லியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் சடேக்கியின் வீட்டுக்குப் போனார். சேம்பிலையில் பொதிந்து மண் அடுப்பில் வேகவைத்த ஆட்டிறைச்சி மேசைக்கு வந்தது. சடேக்கியின் அக்கா கலெசிட்டா சனிக்கிழமைகளில் ரக்பி நடுவராக இருப்பவள். வெர்னான் போனில் காணொளியைக் காட்டியதும் அவள் சிரித்துவிட்டாள்.

"இதையா பயம்ங்கிறாங்க? இது என் வேலை, சார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"உங்க ஆட்டத்துல இவன் முட்ட வேண்டியவன் கையில பந்தே இல்லையே. எங்க ஆட்டத்துல பந்து இல்லாதவனைத் தொட்டா தப்பு. ஏழு வயசுலேருந்து இவன் கையை அப்படித்தான் அடக்கி வெச்சிருக்கோம். நானே இவனுக்கு நாலு தடவை விசில் ஊதியிருக்கேன்."

"அஞ்சு," என்றான் சடேக்கி, வாய் நிறையச் சேப்பங்கிழங்கோடு. "அஞ்சாவது அநியாயம்."

"பேசாம சாப்பிடு. அதுவும் நியாயம்தான்."

விடை கிடைத்துவிட்டது என்று வெர்னான் துள்ளவில்லை. அக்கா சொன்னது அக்கா சொன்னதுதான். கடிகாரம் சொல்ல வேண்டும். மறுநாள் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் சடேக்கியை நிறுத்தி, அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணனைப் பாய்ந்து வரச் சொன்னார். நாற்பது முறை கையில் பந்தோடு, நாற்பது முறை வெறுங்கையோடு. பந்து இருந்தபோது சடேக்கியின் கை எழ ஆன நேரம் ஒரு நொடியில் பத்தில் இரண்டு பங்கு. பந்து இல்லாதபோது ஏழு. கடைசிப் பத்து முறையில் அந்த ஏழு, ஐந்தாக இறங்கியது. அண்ணன் விலாவைப் பிடித்துக்கொண்டு புல்லில் படுத்துவிட்டார். வெர்னான் கண்டதை மட்டும் எழுதினார்.

தேர்வு நாளில் ஏழாவது சுற்று, கடைசிச் சுற்று. அவர்களுடைய முறை வந்தது. பெலரின் அறிக்கையைப் புரட்டினார்.

"அஞ்சுன்னு எழுதியிருக்கே. முன்வரிசைக்கு மூணு வேணுமே."

"மூணு வேணும்தான்."

"மூணு வந்துடும்னு ஒரு வரி சேர்த்திருக்கலாம்ல? எனக்கும் வசதியா இருந்திருக்கும்."

"பாக்காததை எப்படி எழுதுறது?"

"உன் எல்லையே போயிடும், தெரியுமில்ல? இதுக்கா அட்டையை வைக்கப்போறே?"

"பயந்தவனுக்கு வைக்கமாட்டேன். இவன் பயந்தவன் இல்ல. கீழ்ப்படியத் தெரிஞ்சவன். வேற சட்டம் கொடுத்தா அதுக்கும் கீழ்ப்படிவான்."

வெர்னான் எழுந்து போய்ச் சிவப்பு அட்டையைச் சடேக்கியின் பெயர்மேல் வைத்தார். பெலரின் அந்தப் பெயரைச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார்.

ஜூனில் பயிற்சி தொடங்கியது. முதல் ஆளாக ஒரு மூத்த வீரன் வெறுங்கையோடு பாய்ந்து வந்தான். சடேக்கியின் இரண்டு கைகளும் எழுந்தன. அடுத்த கணம் மூத்தவன் புல்லில் உட்கார்ந்திருந்தான். சடேக்கி இரு கைகளையும் உயர்த்திக் காட்டி, நடுவரைத் தேடினான். பிறகு, ரக்பியில் தவறு செய்தவர்கள் போவதுபோல, யாரும் சொல்லாமலே பத்து மீட்டர் பின்னால் நடந்தான்.

"எங்கடா போறே?" என்று பயிற்சியாளர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். கீழே உட்கார்ந்திருந்தவனும் சிரித்தான்.

பெலரின் சிரிக்காமல் வெர்னானின் ஸ்டாப்வாட்ச் பக்கம் குனிந்தார். "என்ன காட்டுது?"

"நாலு."

"மூணு இல்லையா?"

"நாலு," என்று சொல்லி வெர்னான் அதையே நோட்டில் எழுதினார். முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். "அணியில யாரை வெச்சுக்கறதுன்னு முடிவு பண்ண ஆகஸ்ட் வரைக்கும் நாள் இருக்கு. அவனைத் திரும்பி வரச் சொல்லுங்க. இன்னொரு தடவை பாக்கணும்."